ரிங்லி முதல் ஓரா வரை... உங்க விரல்ல இருக்கிறது நகையா, கேட்ஜெட்டா?

பெண் வாசகர்களுக்கு முதல்ல ஒரு சின்ன கேள்வி. இப்போ நீங்க போட்டிருக்கிற சுடிதார்லயோ ஜீன்ஸ்லயோ பாக்கெட் இருக்கா? 'இருக்கே' என்று சொல்பவர்கள், கையில இருக்கிற இந்த போனை அதுக்குள்ள விட்டுப் பாருங்க. முழுசா போகுதா?

பெரும்பாலும் போகாது. 'தி புட்டிங்' என்ற இணைய இதழ் 2018-ல் 20 பிரபல பிராண்டுகளின் ஜீன்ஸ்களை அளந்தே பார்த்தது. ஆண்களின் ஜீன்ஸோடு ஒப்பிட்டால், பெண்களின் ஜீன்ஸில் முன் பாக்கெட்டின் ஆழம் சராசரியாக 48% குறைவு. ஆக, பெண்களின் போன் போய்ச் சேரும் இடம் ஹேண்ட்பேக். பேக்குக்குள்ள சைலன்ட்ல கிடக்கிற போன், பத்து மிஸ்டு கால். 'ஏன்டி போனை எடுக்கல?' என்று வீட்டில் ஒரு பஞ்சாயத்து. இது உங்களுக்கும் நடந்திருக்கும்.

இந்தப் பிரச்னையைப் பார்த்து ஒரு பெண், 'இதுக்கு ஒரு மோதிரம் செய்தால் என்ன?' என்று யோசித்தார். இன்று சாம்சங் முதல் போட் வரை எல்லா கம்பெனியும் விற்கும் 'ஸ்மார்ட் ரிங்'குக்கு முன்னோடிகளில் ஒன்று அந்த மோதிரம். ஆனால், அந்த மோதிரத்தை இன்று நீங்கள் வாங்க முடியாது. ஏன் என்பதில்தான், நம்மைப் போன்ற வாடிக்கையாளர்களுக்கான முக்கியமான சேதி இருக்கிறது.

ஆப் டிசைனர் டு மோதிர முதலாளி!

அவர் பெயர் கிறிஸ்டினா மெர்காண்டோ. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் படித்தவர். நம் ரசனையைக் கணித்து 'இது உங்களுக்குப் பிடிக்கும்' என்று பரிந்துரைக்கும் 'ஹன்ச்' என்ற ஸ்டார்ட்அப்பில் வேலை பார்த்தார். அந்த ஸ்டார்ட்அப்பை 2011-ல் இ-பே நிறுவனம் வாங்கியது. சுருக்கமாகச் சொன்னால், திரைக்குள் பட்டன் எங்கே இருக்கணும், எதைத் தட்டினா எது திறக்கணும் என்று முடிவுசெய்கிற ஆள். தங்கம், கல், நகைக்கடை எல்லாம் அவர் துறையே இல்லை.

2013-ல் நியூயார்க்கில் 'ரிங்லி'யைத் தொடங்கினார். 2014-ல் முன்பதிவு ஆரம்பமானது. பார்க்க, தங்க முலாம் பூசிய மோதிரம். மேலே ஓனிக்ஸ், மூன்ஸ்டோன் மாதிரியான ஒரு பெரிய கல். அந்தக் கல்லுக்கு அடியில்தான் விஷயம் ஒளிந்திருந்தது. குட்டி பேட்டரி, புளூடூத் சிப், அதிர்வு மோட்டார், ஓரத்தில் ஒரு துளி விளக்கு. அம்மாவிடமிருந்து போன் வந்தால் ஒரு நிறம், டாக்ஸி வாசலுக்கு வந்தால் வேறு நிறம், பாஸ் மெயில் அனுப்பினால் வேறு மாதிரி அதிர்வு என்று நீங்களே ஆப்பில் செட் பண்ணிக்கலாம். சார்ஜர்கூட நகைக்கடையில் தரும் மோதிரப் பெட்டி மாதிரியே இருக்கும்.

விலை 195 டாலரில் ஆரம்பம். அன்றைய கணக்கில் சுமார் 12,000 ரூபாய். 2015 ஜனவரியில், ஃபேஸ்புக்கில் முதலீடு செய்த ஆண்ட்ரீசன் ஹோரோவிட்ஸ் நிறுவனத்தின் தலைமையில் ரிங்லிக்கு 51 லட்சம் டாலர் முதலீடு கிடைத்தது. பிறகு மோதிரத்தோடு பிரேஸ்லெட்டும் வந்தது.

மெர்காண்டோ செய்த முக்கியமான காரியம் ஒன்று உண்டு. அன்று வந்துகொண்டிருந்த 'வேரபிள்'கள் பெரும்பாலும் கறுப்பு ரப்பர் பட்டைகள். ஆண்களுக்குச் செய்துவிட்டு, அதையே கொஞ்சம் சின்னதாக்கி, பிங்க் கலர் அடித்து 'லேடீஸ் மாடல்' என்று விற்பதுதான் வழக்கம். இவர் கணக்கைத் திருப்பிப் போட்டார். முதலில் இது ஒரு பெண் ஆசைப்பட்டுப் போட்டுக்கொள்ளும் நகையாக இருக்கணும், டெக்னாலஜி அதற்கு அப்புறம். கல்யாண வீட்டில் போட்டுக்கொண்டு போனாலும் யாரும் 'இதென்ன மெஷின்?' என்று கேட்கக் கூடாது.

ஐடியா சூப்பர்தானே? அப்புறம் ஏன் சில வருடங்களிலேயே விற்பனை நின்றுபோனது?

எங்கே இடித்தது?

முதல் இடி, போட்டி. 2015 ஏப்ரல் மாதம் ஆப்பிள் வாட்ச் விற்பனைக்கு வந்தது. அதன் ஆரம்ப விலை 349 டாலர். ரிங்லி செய்த வேலையை, அதாவது நோட்டிஃபிகேஷன் வந்தால் தட்டிச் சொல்வதை, அதுவும் செய்தது. கூடவே இதயத்துடிப்பு, நடை, மேப் எல்லாம் காட்டியது. முக்கியமாக ஒரு வேலை செய்யும் பொருளுக்கு 12,000 ரூபாய் கொடுக்க எத்தனை பேர் வருவார்கள்?

இரண்டாவது, நகைத் தொழிலின் கணக்கு வேறு, டெக் தொழிலின் கணக்கு வேறு. ஒரு ஆப்பைச் செய்துவிட்டால் அதையே பத்து லட்சம் பேருக்குக் கொடுக்கலாம். மோதிரத்தை அப்படிக் கொடுக்க முடியுமா? நாலு கல், நாலு விரல் அளவு என்று வைத்துக்கொண்டாலே 16 வகை மோதிரங்களைச் செய்து ஸ்டாக் வைக்கணும். எந்த அளவு எவ்வளவு விற்கும் என்று முன்கூட்டியே தெரியாது. விற்காதது பெட்டியில் தூங்கும். அதிலும் இது சாதாரண மோதிரம் இல்லை. உள்ளே பேட்டரி இருக்கு. போட்டுவைத்தால் பழசாகும்.

மூன்றாவது காரணம், நம்ம மனசு. 2014-ல் நோட்டிஃபிகேஷன் என்பது ஒரு கிக். அடுத்த சில வருடங்களில் அதுவே தொல்லையாகிவிட்டது. வாட்ஸ்அப் குரூப், ஓ.டி.பி, ஆஃபர், 'உங்க நண்பர் லைவ்ல இருக்கார்' என்று போன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூப்பிடுகிறது! இதில் விரலும் சேர்ந்து அதிர்ந்தால்? 'டு நாட் டிஸ்டர்ப்' போடத்தான் கை போகும். பிரச்னையே மாறிப்போன பிறகு, தீர்வை யார் வாங்குவார்கள்?

ரிங்லி மட்டும் விழவில்லை என்பதையும் சொல்லணும். இன்டெல் 2014-ல் 'மைகா' என்ற பிரேஸ்லெட்டை 495 டாலருக்குக் கொண்டுவந்தது, நிலைக்கவில்லை. கைக்கடிகாரத்தில் ஊறிய ஃபாசில் நிறுவனம் 2015-ல் 'மிஸ்ஃபிட்'டை 26 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அதே ஃபாசில், 2024 ஜனவரியில் ஸ்மார்ட்வாட்ச் தொழிலே வேண்டாம் என்று விலகியது. ஃபேஷன் தெரிந்தவர்கள், டெக் தெரிந்தவர்கள் ரெண்டு பக்கமும் கையைச் சுட்டுக்கொண்ட இடம் இது.

மோதிரம் திரும்பி வந்தது... வேறு வேலையோடு!

இப்போது நடப்புக்கு வருவோம். பின்லாந்தின் ஊலு நகரில் 2013-ல், அதாவது ரிங்லி பிறந்த அதே வருடம் தொடங்கிய நிறுவனம் 'ஓரா'. 2025 செப்டம்பர் கணக்குப்படி இதுவரை 55 லட்சம் மோதிரங்களை விற்றிருப்பதாக அந்த நிறுவனம் சொல்கிறது. வாங்குபவர்களில் பெண்களே அதிகம். சாம்சங், 2024 ஜூலையில் 'கேலக்ஸி ரிங்'கை அறிமுகப்படுத்தி, அக்டோபரில் 38,999 ரூபாய்க்கு இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. பெங்களூரின் அல்ட்ராஹியூமன் உலகச் சந்தையில் ஓராவோடு மோதுகிறது. அந்த மோதல் பேட்டன்ட் வழக்காகி, 2025 அக்டோபரில் அல்ட்ராஹியூமன் மோதிரத்துக்கு அமெரிக்காவில் இறக்குமதித் தடை வரை போனது. போட் 2023-லேயே 8,999 ரூபாய்க்கு ஒன்றை விட்டது. நம்ம சென்னை ஐ.ஐ.டி-யில் படித்தவர்கள் தொடங்கிய மியூஸ் வேரபிள்ஸும் 'ரிங் ஒன்' என்ற மோதிரத்தோடு களத்தில் இருக்கிறது.

இந்த மோதிரங்களை ரிங்லியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். ரிங்லி, போனில் நடப்பதை உங்களுக்குச் சொன்னது. இன்றைய மோதிரம், உங்களுக்குள் நடப்பதை போனுக்குச் சொல்கிறது. தகவல் போகும் திசையே தலைகீழாகிவிட்டது.

உள்பக்கம் இருக்கும் குட்டி விளக்குகள் உங்கள் தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்த ஓட்டம் கூடிக் குறையும்போது திரும்பிவரும் ஒளியும் மாறும். அந்த மாற்றத்தை வைத்து இதயத்துடிப்பு கணக்கிடப்படுகிறது. விரலில் ரத்த நாளங்கள் நெருக்கமாக இருப்பதால் சிக்னல் நன்றாகவே கிடைக்கும். வெப்பநிலை சென்சார், அசைவு சென்சார் இரண்டும் சேர்ந்தால் எப்போது தூங்கினீர்கள், எப்போது புரண்டீர்கள், மாதவிடாய் எப்போது வரலாம் என்பது வரை ஆப் ஓரளவு கணித்துவிடும்.

பெரும்பாலான மோதிரங்களில் அதிர்வு, விளக்கு, திரை எதுவும் இல்லை. சும்மா இருக்கும். அந்த 'சும்மா இருப்பது'தான் இப்போது விற்கிறது. நோட்டிஃபிகேஷனில் களைத்துப்போன தலைமுறைக்கு, தொந்தரவு செய்யாத கேட்ஜெட் பிடித்துப்போனதில் ஆச்சர்யம் இல்லை. மெர்காண்டோ சரியாகக் கணித்த பாதி இது: 'பார்க்க நகையாக இருக்கணும், கவனத்தைக் கேட்கக் கூடாது.' மீதிப் பாதியைச் சந்தை வேறு மாதிரி எழுதிக்கொண்டது.

பாட்டி மோதிரமும் டைட்டானியம் மோதிரமும்

நம் ஊரில் நகை என்றால் அழகு மட்டுமா? காலேஜ் ஃபீஸ் கட்ட அடகுக் கடைக்குப் போவது நகை. பாட்டி போட்டு, அம்மா போட்டு, மகளுக்கு வருவது நகை. விரல் பருத்துவிட்டதா? ஆசாரியிடம் கொடுத்தால் பெருசாக்கித் தருவார். டிசைன் பிடிக்கலையா? உருக்கி வேறு செய்துக்கலாம். அதை விற்ற கடை மூடிவிட்டாலும் தங்கம் தங்கமாகவே இருக்கும்.

ஸ்மார்ட் மோதிரத்தில் இதில் ஒன்றுகூட நடக்காது. உள்ளே வளைந்த பேட்டரியும் சர்க்யூட்டும் பிசின் ஊற்றி மூடப்பட்டிருப்பதால் அளவை மாற்ற முடியாது. அதனால்தான் வாங்கும் முன் பிளாஸ்டிக் மோதிரங்கள் அடங்கிய 'சைசிங் கிட்' அனுப்புகிறார்கள். பேட்டரியையும் மாற்ற முடியாது. பொருள்களைப் பிரித்து ஆராயும் 'ஐ-ஃபிக்ஸிட்' குழு கேலக்ஸி ரிங்கைப் பிரித்தபோது, மோதிரத்தை உடைக்காமல் பேட்டரியை எடுக்க வழியே இல்லை என்று காட்டியது. எந்த லித்தியம் பேட்டரியும் சில நூறு தடவை சார்ஜ் ஏறிய பிறகு சோர்ந்துபோகும். அப்போது 39,000 ரூபாய் மோதிரமும் குப்பைதான்.

'விலை ஜாஸ்தியா வாங்கினா நீடிக்கும்ல?' என்று கேட்காதீங்க. 2015-ல் ஆப்பிள் 18 காரட் தங்கத்தில் ஒரு வாட்ச் விற்றது. விலை 10,000 டாலரில் ஆரம்பம். மூன்றே வருடம், 2018-ல் வந்த புதிய சாஃப்ட்வேர் அந்த முதல் தலைமுறை வாட்ச்சுகளுக்குக் கிடையாது என்றாகிவிட்டது. தங்கம் அப்படியே இருந்தது, வாட்ச்தான் வயசாகிப்போனது.

கம்பெனியே இல்லாமல் போனால் என்ன ஆகும்? 'பெபிள்' ஸ்மார்ட்வாட்ச் நிறுவனத்தின் சொத்துகளை 2016-ல் ஃபிட்பிட் வாங்கியது. 2018 ஜூனில் பெபிளின் சர்வர்கள் நிறுத்தப்பட்டன. ரசிகர்களே ஒன்றுகூடி 'ரெபிள்' என்ற பெயரில் மாற்று சர்வர் நடத்தியதால் அந்த வாட்ச்சுகள் உயிர்பிழைத்தன. எல்லா கேட்ஜெட்டுக்கும் அப்படி ரசிகர் படை அமையுமா என்ன?

உங்க தூக்கம் யாருக்குச் சொந்தம்?

பணம் போனால் சம்பாதிச்சுக்கலாம். தகவல் போனால்? மோதிரம் சேகரிப்பது உங்கள் தூக்கம், உடல்சூடு, மாதவிடாய்ச் சுழற்சி. இதையெல்லாம் நாம் பல நேரம் டாக்டரிடமே தயங்கித்தான் சொல்வோம்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. மாதவிடாய்க் கணக்கு வைக்கும் 'ஃப்ளோ' ஆப், பெண்களின் உடல்நலத் தகவல்களை ஃபேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்களோடு பகிர்ந்தது என்று அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டி, 2021-ல் அது சமரச உத்தரவில் முடிந்தது. 2025 ஆகஸ்ட்டில், அமெரிக்க ராணுவத்தோடு ஓரா வைத்திருக்கும் ஒப்பந்தம் பற்றிய செய்தி வந்ததும், சோஷியல் மீடியாவில் பெண்கள் மோதிரத்தைக் கழற்றிக் காட்டி வீடியோ போட்டார்கள். 'தனிநபர் தகவல்களை விற்கவில்லை' என்று ஓரா விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது.

இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. அவையும் படிப்படியாகத்தான் அமலுக்கு வருகின்றன. ஒப்புதல் இல்லாமல் தகவலை எடுக்கக் கூடாது, 'அழித்துவிடு' என்று கேட்கும் உரிமை உண்டு என்கிறது சட்டம். ஆனால், 'ஐ அக்ரீ' பட்டனைப் படிக்காமலே தட்டும் வரை அந்த உரிமை காகிதத்தில்தான் இருக்கும்.

வாங்குறதுக்கு முன்னாடி...

ஸ்மார்ட் மோதிரமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இரவுத் தூக்கத்தைச் சரிசெய்ய, உடற்பயிற்சியைத் தொடர இது சிலருக்கு நிஜமாகவே உதவும். ஆனால் கார்டைத் தேய்க்கும் முன் இந்த ஐந்தையும் கேளுங்க.

1. பேட்டரி செத்தால் என்ன செய்வார்கள்? வாரன்டி எத்தனை வருடம்? மோதிரத்தின் விலையை அத்தனை வருடத்தால் வகுத்துப் பாருங்க. அதுதான் உண்மையான விலை.

2. மாதச் சந்தா உண்டா? ஓராவில் 2021 முதல் வந்த புதிய தலைமுறை மோதிரங்களுக்கு மாதம் 5.99 டாலர் கட்டினால்தான் முழு விவரமும் தெரியும். சாம்சங்கில் சந்தா இல்லை.

3. என் தகவலை நானே டவுன்லோடு செய்ய, நிரந்தரமாக அழிக்க ஆப்பில் வழி இருக்கா? வாங்கும் முன்பே அவர்களின் 'பிரைவசி' பக்கத்தில் தேடுங்க.

4. ஊசி குத்தாமலே சர்க்கரை அளவு காட்டும் என்கிறார்களா? உடனே நகர்ந்துடுங்க. அப்படிச் சொல்லும் வாட்ச், மோதிரம் எதற்கும் தாங்கள் அனுமதி தரவில்லை, நம்ப வேண்டாம் என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் இதை அவர்களுக்கும் சொல்லிடுங்க. தப்பான அளவை நம்பி மருந்தைக் கூட்டிக் குறைத்தால் உயிருக்கே ஆபத்து.

5. வலித்தாலோ, சூடானாலோ, இறுக்கினாலோ உடனே கழற்றணும். 2025-ல் யூட்யூபர் ஒருவரின் விரலிலேயே கேலக்ஸி ரிங்கின் பேட்டரி வீங்கி, மருத்துவமனையில் போய்க் கழற்ற வேண்டிவந்தது. அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது.

டிசைனர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை

ஓ.எம்.ஆர் ஆபீஸில் யூ.ஐ டிசைன் பண்ணிக்கிட்டே, 'சொந்தமா ஒரு பிராண்டு ஆரம்பிக்கணும்' என்று கனவு காண்பவர் நீங்கள் என்றால், மெர்காண்டோ கதையைத் தோல்விக் கதையாகப் படிக்காதீங்க. தன் கைப்பையில் இருந்த பிரச்னையை எடுத்தார், அதை அனுபவிக்கும் பெண்களுக்காகவே டிசைன் செய்தார், பெரிய நிறுவனங்கள் வருவதற்கு 10 வருடம் முன்பே மோதிரத்துக்குள் சிப்பை வைத்தார். அதெல்லாம் சரியாகவே இருந்தது.

அவர் கதை எழுப்பும் கேள்விகள் இரண்டு. நீங்கள் தீர்க்கும் பிரச்னை ஐந்து வருடம் கழித்தும் பிரச்னையாகவே இருக்குமா? உங்கள் கம்பெனி நாளைக்கு மூடப்பட்டால், இன்று வாங்கியவர் கையில் மிச்சம் என்ன இருக்கும்? ரிங்லியை வாங்கியவர்கள் கையில் ஒரு கல் மோதிரமாவது மிஞ்சியது. சிப் தூங்கினாலும் போட்டுக்கொள்ளலாம், அழகாகத்தான் இருக்கும். இன்று விற்கும் டைட்டானிய வளையங்களில் ஆப் நின்றுவிட்டால், ஒரு வாஷரை விரலில் மாட்டியிருப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

அடகுக் கடைக்காரர் கையில் எடுத்து எடைபோட்டுப் பார்ப்பது மாதிரி, அடுத்த கேட்ஜெட்டை நீங்களும் எடைபோட்டுப் பாருங்க. இன்னைக்கு எப்படி ஜொலிக்குதுங்கிறது விளம்பரத்துலயே தெரிஞ்சிடும். அஞ்சு வருஷம் கழிச்சு என்ன தேறும்ங்கிறதை நாமதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.